இலைச் சீட்டில் கணக்குக் கேட்கும் பெண்ணுக்கு என்ன படிப்பு?

கோத்தகிரி அம்மாவுக்கு,

பி.காம். முடித்த மகளை நினைத்து இரவில் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவள் வாழ்க்கை எங்கும் கெட்டுப்போய்விடவில்லை. ஆனால் கோவையிலுள்ள தாய்மாமன் பிடிவாதமாகச் சொல்லும் எம்.பி.ஏ. வேண்டாம். 9 லட்சம் கடன், 10.5 சதவீத வட்டி, 7 வருடம் என்றால் மாதத் தவணை 15,000 ரூபாயைத் தாண்டும். பச்சைத் தேயிலை விலை இறங்கிய மாதத்திலும் அதே தவணைதான். பெருமை மாமாவுக்கு, கடன் உங்களுக்கு.

கடிதத்தில் போகிறபோக்கில் ஒன்று சொன்னீர்கள். மழைநாளில் இலை எடையில் ஈரத்துக்காகக் கழிப்பது இவ்வளவு என்று யார் முடிவு செய்தார்கள், எங்கே எழுதியிருக்கிறது என்று ஃபாக்டரியில் போய்க் கேட்டிருக்கிறாள். இலை போட்டதற்கு ஃபாக்டரி தரும் இலைச் சீட்டுகளைத் தேதிவாரியாகக் கோத்தும் வைத்திருக்கிறாள். நீங்கள் அதை வாய்த்துடுக்கு என்கிறீர்கள். அந்தக் கேள்வியையே வேலையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள்.

வங்கிகளுக்கிடையே டாலரும் கடன்பத்திரமும் கைமாறும் மொத்தச் சந்தையில் சட்டம் தொடாத இடங்கள் பல. அங்கே எது முறை என்பதைச் சந்தையில் இருப்பவர்களே குழுவாக உட்கார்ந்து எழுதுகிறார்கள். இந்தியாவில் இப்படி அந்நியச் செலாவணி வியாபாரம் செய்யும் வங்கிகளின் சங்கமான ஃபெடாய் 1958 முதலும், கடன்பத்திரச் சந்தைக்காரர்களின் சங்கமான ஃபிம்டா 1998 முதலும் இருக்கின்றன. வெளிநாடுகளில் பெரிய வங்கிகளின் செலாவணி டீலர்கள் சாட் ரூமில் கூடிப்பேசி விலையை வளைத்தது 2013-இல் அம்பலமானது. அதன் பிறகு மத்திய வங்கிகளும் சந்தைக்காரர்களும் சேர்ந்து எழுதியதுதான் 2017-இல் வந்த எஃப்எக்ஸ் குளோபல் கோட், அதாவது செலாவணிச் சந்தைக்கான உலகப் பொது நடத்தை நெறிகள். அதில் 55 நெறிகள்.

17-ஆம் நெறியைப் பாருங்கள். சொன்ன விலைக்கு வாடிக்கையாளர் சரி என்ற பிறகும், வங்கி கடைசியாக ஒருமுறை பார்த்துவிட்டு மறுக்கலாம். இதற்கு லாஸ்ட் லுக் என்று பெயர். அந்த இடைவெளியில், வந்த ஆர்டரை வைத்து வங்கி தானே வியாபாரம் செய்யலாமா? 2017 மே மாத வாசகம், அது பெரும்பாலும் நல்ல நடைமுறைக்குப் பொருந்தாது என்றுதான் இருந்தது. சந்தையிடம் கருத்துக் கேட்டார்கள். டிசம்பரில் அது 'செய்யக் கூடாது' என்று மாறியது. ஒரு வினைச்சொல்லுக்கு ஏழு மாதம்!

வரைவு கெடுவதும் வார்த்தையில்தான். 'இயன்றவரை', 'பொதுவாக' என்று இரண்டு சொல் நுழைந்தால் நெறிக்குப் பல் போய்விடும். விற்கும் பெரிய வங்கிகள் மட்டும் குழுவில் இருந்தால் வாங்குபவரின் குறை ஏட்டில் ஏறாது. போட்டியாளர்கள் ஒரே மேசையில் உட்காருவதால் விலைப் பேச்சு வரவே கூடாது. அதனால் கூட்டத்தில் பேசியதன் குறிப்பு துல்லியமாக வேண்டும். நெறிகளை ஏற்றுக் கையெழுத்திட்ட நிறுவனத்துக்குள் அவற்றை நடைமுறைக்குக் கொண்டுவருவது கம்ப்ளையன்ஸ் ஆட்களின், அதாவது விதிப்படி நடக்கிறதா என்று பார்ப்பவர்களின் வேலை.

படித்து முடித்ததும் யாரும் குழுவில் நாற்காலி போடமாட்டார்கள். வங்கியின் சொந்தப் பணத்தையும் செலாவணியையும் கையாளும் ட்ரஷரியின் பேக் ஆபீஸில், அதாவது வியாபாரம் முடிந்த பிறகு கணக்குப் பார்க்கும் பிரிவில், டீல் உறுதிச்சீட்டைச் சரிபார்ப்பதில் தொடங்கி, சில வருடம் கழித்துக் கம்ப்ளையன்ஸுக்கு நகர வேண்டும். மும்பைக்குப் போக வேண்டியும் வரலாம், அதற்கு மனதைத் தயார் செய்யுங்கள். நுழைவுக்கு என்.ஐ.எஸ்.எம். என்ற பங்குச்சந்தைப் பயிற்சி நிறுவனம் நடத்தும் கம்ப்ளையன்ஸ் தேர்வு, சீரீஸ் 3-ஏ, உதவும். அதன் செலவை எம்.பி.ஏ. கட்டணத்தோடு ஒப்பிடவே முடியாது.

முதலில் அவளுக்குப் பிடிக்கிறதா என்று பாருங்கள். குளோபல் கோட் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. வாரத்துக்கு 14 நெறி வீதம் நான்கு வாரம் படிக்கட்டும். தளர்வாகத் தெரியும் ஒரு வாக்கியத்தை எடுத்து, ஏன் தளர்வு, எப்படி இறுக்கலாம் என்று ஒரு பக்கம் எழுதட்டும். சலிப்புத் தட்டினால் விட்டுவிடுவோம், நான் வற்புறுத்த மாட்டேன். அந்தப் பக்கத்தை அவள் எழுதி முடிக்கும்வரை கல்லூரிக்கு ஒரு ரூபாய்கூட முன்பணம் கட்டாதீர்கள்.