குழுவில் இருங்கள், கோப்பு மட்டும் அனுப்பாதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில், உட்லண்ட்ஸ் வட்டாரத் தொடக்கப்பள்ளி ஒன்றில் இரண்டாம் ஆண்டாகத் தமிழ் கற்பிக்கிறேன். வேறு பள்ளி ஆசிரியர்களும் இருக்கும் வாட்ஸ்அப் குழுவில் தொடக்கநிலை 4க்கான என் பயிற்சித்தாளைப் பகிர்ந்தேன். இப்போது ஒரு துணைப்பாட (டியூஷன்) நிலையம் அதில் தன் பெயரைப் போட்டு விற்கிறது. குழுவிலிருந்து விலகிவிடலாமா ஐயா? இனி எதையும் பகிரக் கூடாதா?

பதில்: விலக வேண்டாம். கோப்பு அனுப்புவதை மட்டும் நிறுத்துங்கள்.

பல தொடக்கப்பள்ளிகளில் தமிழுக்கு இருப்பதே இரண்டு மூன்று ஆசிரியர்கள்தான். ஒரு சந்தேகம் என்றால் பக்கத்து மேசையில் கேட்க ஆள் கிடையாது. வீட்டில் ஆங்கிலமே பேசும் பிள்ளை, வாய்மொழித் தேர்வுக்கான காணொளியைப் பார்த்துவிட்டு 'ஆமாம்', 'இல்லை' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது என்று வையுங்கள். குழுவில் கேட்டுப் பாருங்கள். ஒருவர் முதலில் ஒலியை அணைத்துவிட்டுக் காட்டுங்கள் என்பார். இன்னொருவர், பிள்ளையைக் கேள்வி கேட்க விட்டு நீங்கள் பதில் சொல்லுங்கள் என்பார். வாக்கியத்தின் தொடக்கத்தை மட்டும் எழுதிக் கொடுத்துப் பேசவைக்கும் வழியை மூன்றாமவர் சொல்வார். இதை யாரும் அச்சடித்து விற்க முடியாது. அப்படிக் கேட்கும்போது பிள்ளையின் பெயர், வகுப்பு, படம் எதுவும் வேண்டாம். கட்டுரைத்தாளைப் படமெடுத்தும் போடாதீர்கள். சிக்கலான இரண்டு வரியை நீங்களே தட்டச்சு செய்தால் போதும்.

இனி, குழுக்களில் தாளைச் சேகரித்து இப்படி விற்பனைக்குக் கொண்டுபோகும் இடைத்தரகர்கள். இவர்களைப் பற்றி நான் சொல்லாத பயிலரங்கு இல்லை. பெயருக்குப் பின்னால் 'டீச்சர்' என்று போட்டுக்கொண்டு குழுவில் நுழைவார்கள். ஒருவருக்கும் பதில் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்பதெல்லாம் தாள்தான்: அதுவும் விடைக்குறிப்போடு, பள்ளிப் பெயரோடு. அரையாண்டுத் தேர்வுகளைக் கல்வி அமைச்சு 2023க்குள் எல்லா நிலைகளிலும் எடுத்துவிட்டது. பெற்றோர் தாள் தேடுவது நின்றுவிட்டதா? இல்லை. ஆண்டிறுதித் தாள்களையும் இடையில் வரும் சிறு மதிப்பீட்டுத் தாள்களையும் தேடுகிறார்கள். அந்தப் பதற்றம்தான் இவர்களுக்கு மூலதனம். 'எங்களுக்குப் பயிற்சித்தாள் எழுதித் தாருங்கள், உங்கள் பெயர் வராது' என்று தனியாகச் செய்தி வந்தாலும் பதிலே போடாதீர்கள். எந்தப் பள்ளி, எந்த நிலை என்று விசாரிக்காமல் ஆளைச் சேர்க்கும் குழுவில் உங்கள் தாளுக்குப் பாதுகாப்பு இல்லை.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். வேலையின் பகுதியாகத் தயாரித்த பயிற்சித்தாளின் உரிமை உங்களுக்கு இல்லை, வேலை கொடுத்தவருக்குத்தான். இரவு பதினொரு மணிக்கு வீட்டில் உட்கார்ந்து தயாரித்திருந்தாலும் அப்படித்தான்.

இணையத்தில் எடுத்ததைப் பற்றித்தான் எல்லோரும் குழப்பிக்கொள்கிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 2021 நவம்பரில் நடப்புக்கு வந்த பதிப்புரிமைச் சட்டம், லாப நோக்கமில்லாத பள்ளிகளுக்கு ஒரு சலுகை தருகிறது. இணையத்தில் எவரும் இலவசமாகப் பார்க்கக்கூடிய படம், கதை, காணொளியைப் பாடத்துக்குப் பயன்படுத்தலாம். எங்கே எடுத்தோம், என்றைக்கு எடுத்தோம் என்று குறிப்பிட வேண்டும். இந்தச் சலுகை உங்கள் பள்ளியில் நடக்கும் கற்பித்தலுக்கு உரியது. வெளியாள் கலந்த வாட்ஸ்அப் குழுவுக்கும் அதை இழுத்துப் போர்த்த முடியாது. லாபத்துக்கு நடக்கும் துணைப்பாட நிலையத்துக்கு அது கிடையவே கிடையாது. கடையில் வாங்கிய பயிற்சி நூலை ஸ்கேன் செய்வதும் இதில் வராது. அது இலவசமாகக் கிடைப்பதில்லையே. அதே நூலை யாரோ திருட்டுத்தனமாக இணையத்தில் ஏற்றியிருப்பது தெரிந்தால் அதையும் தொடாதீர்கள். குழுவில் நல்ல காணொளி ஒன்றைச் சொல்ல வேண்டுமா? இணைப்பை மட்டும் அனுப்புங்கள், சிக்கல் இல்லை.

முழுப் பாடத்தையே பகிர வேண்டுமென்றால் கல்வி அமைச்சு பள்ளிகளுக்காக நடத்தும் எஸ்எல்எஸ் என்ற இணையக் கற்றல் தளம் இருக்கிறது. அங்கே ஏற்றும் பாடத்தைப் பிற பள்ளி ஆசிரியர்கள் எடுத்து, தங்கள் வகுப்புக்கேற்ப மாற்றிக்கொள்ளலாம். வெளியாள் நுழைய முடியாது. ஆனால் ஒரு பாடத்தை அங்கே ஒழுங்காக அமைப்பதற்குள் மாலைப்பொழுது போய்விடும். வாட்ஸ்அப்பில் ஒரு நொடி. ஒரே பாடநூலை வைத்துக்கொண்டு தீவு முழுக்கத் தமிழாசிரியர்கள் தனித்தனியாக ஒரே இலக்கணப் பயிற்சியைத் தயாரிக்கிறார்கள். எல்லோரும் சேர்ந்து செய்வதற்கு வாரத்தில் ஒரு மணி நேரத்தைக் கால அட்டவணையிலேயே ஒதுக்கக் கூடாதா? இதை எத்தனை கூட்டத்தில் கேட்டாயிற்று! அதுவரை, உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துப் பயிலரங்குகளில் உங்கள் நிலைக்குக் கற்பிக்கும் நாலைந்து பேரைப் பழக்கம் பிடித்துக்கொள்ளுங்கள். முகம் தெரிந்த அந்தச் சின்னக் குழு போதும்.

சரி, விற்பனையில் இருக்கும் தாளுக்கு வருவோம். விளம்பரத்தையும் விலையையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, உங்கள் மூலக்கோப்போடு தாய்மொழித் துறைத் தலைவரிடம் கொடுங்கள். அவர் சீனமோ மலாயோ கற்பிப்பவராக இருந்தால் தமிழ் படிக்கத் தெரியாமல் இருக்கலாம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரே மாதிரி இருக்கும் இடங்களில் வண்ணக்கோடு போட்டுக் காட்டுங்கள். குழுவில் பகிர்ந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அந்த நிலையத்துக்கு நீங்களே போன் போட்டுச் சண்டை பிடிக்க வேண்டாம். உரிமை பள்ளித் தரப்பில் இருப்பதால் நிறுத்தச் சொல்லும் கடிதமும் அங்கிருந்துதான் போக வேண்டும். இரண்டு வாரத்தில் ஒன்றும் நகரவில்லை என்றால் மறுபடி போய்க் கேளுங்கள், இந்த முறை மின்னஞ்சலில்.