வேற்றுக் கிரகத்துக்கு இரும்பு செய்யக் கற்றுக்கொடுத்தால் பத்தாண்டில் ரயில் ஓடுமா?

கேள்வி: விண்வெளிப் பயணிகள் மரக்கலப்பைக் காலத்துக் கிரகத்தில் இறங்கி, இரும்பு உருக்கக் கற்றுத்தருவதாகக் கதை எழுதுகிறேன். நிலம் நம் தர்மபுரி, கிருஷ்ணகிரி போன்றது. பத்தாண்டில் அங்கே ரயில் விட்டால் நம்பும்படி இருக்குமா?

பத்தாண்டில் கலப்பைக்குக் கொழு (உழும் நுனியில் மாட்டும் இரும்பு) வரும். ரயில் வராது.

தாது பிரச்சினையே இல்லை. இங்கே மழைக்குப் பிறகு ஓடைகளில் கருமணல் ஒதுங்கும், காந்தத்தில் ஒட்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் இரும்பின் காலம் கி.மு. 2172 என்று கணிக்கப்பட்டிருக்கிறது. ஆக, உங்கள் பயணிகள் சொல்லித்தருவதற்கு முன்பே அந்த ஊர்க்காரர்களுக்கு இரும்பு தெரிந்திருந்தாலும் வியப்பில்லை.

உலைக்கு ஒரு மீட்டர் உயரக் களிமண் குழாய் போதும், உள்விட்டம் ஒரு சாண் அல்லது சற்றுக் கூட. அடியிலிருந்து அரை அடி மேலே ஊதுகுழல், அதில் ஆட்டுத்தோல் துருத்தி. முதலில் விறகு போட்டு நன்றாகக் காய வைக்க வேண்டும். ஈரம் இருந்தால் நீராவி சுவரைப் பிளந்துவிடும். பிறகு தாதும் கரியும் மாறி மாறி. 10 கிலோ தாதுக்குக் கரி 10 முதல் 15 கிலோ. வெப்பம் 1,200 டிகிரிக்கு மேல் போனால் சிட்டம் (தாதிலுள்ள கழிவு) உருகி வடியும். இரும்பு உருகாது (அதற்கு 1,538 டிகிரி வேண்டும்), பஞ்சு போன்ற கட்டியாகத் தங்கும். காற்று குறைந்தால் சிட்டம் வடியாமல் இரும்போடு ஒட்டி நிற்கும். கரி மிஞ்சினால் இரும்பு கார்பனை இழுத்துக்கொண்டு உருகிவிடும், சம்மட்டி பட்டதும் நொறுங்கும். கட்டியை அடித்து அடித்துச் சிட்டம் நீக்கினால் கையில் நிற்பது ஒரு கிலோ, ஒன்றரை கிலோ. சரியாக ஒரு கொழுவுக்கு.

இனி விறகுக் கணக்கு. மண் மூடி எரித்தால் ஐந்தாறு கிலோ விறகுக்கு ஒரு கிலோ கரி. அடிக்கிற பட்டறைக்கும் கரி வேண்டும். ஆகவே கிலோ இரும்புக்குச் சுமார் 100 கிலோ விறகு என்று வைத்துக்கொள்ளுங்கள். 300 வீட்டு ஊருக்கு வீட்டுக்கொரு கொழு என்றால் 30 டன். சமாளிக்கலாம். மீட்டருக்கு 25 கிலோ எடையுள்ள மெல்லிய தண்டவாளம் போட்டாலும் கிலோமீட்டருக்கு 50 டன் இரும்பு, அதாவது 5,000 டன் விறகு. கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டிக் காடு தாங்காது.

நடந்த கதையே இருக்கிறது. 1830இல் ஹீத் என்பவர் பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய பாணி ஊதுலை கட்டினார். தாது சேலம் பக்கத்திலிருந்து. அன்றைய சேலம் மாவட்டத்தில்தான் தர்மபுரியும் கிருஷ்ணகிரியும் இருந்தன. நுட்பம் வந்தது, பணம் வந்தது, கரி போதவில்லை. ஒரு மூசையில் (சிறு மண் குடுவையில்) கொஞ்சம் இரும்பையும் ஆவாரங்கட்டையையும் போட்டு மூடி எஃகு செய்த உள்ளூர்க் கொல்லருக்கு அந்தக் கரித் தட்டுப்பாடு வந்திருக்காது, அளவு அப்படி.

நுட்பம் வந்த வழியே திரும்பவும் போகும், அதையும் கதையில் சேருங்கள். திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905இல் வந்த குறுகிய ரயில் பாதை பின்னர் மூடப்பட்டது.

நான் எழுதினால் ரயிலை விட்டுவிட்டு, காட்டுக்கு உரிமை யாருக்கு என்ற சண்டையைப் பிடித்துக்கொள்வேன். உலை வைத்திருப்பவனும் ஆடு மேய்ப்பவனும் ஒரே மரத்தடியில்தான் நிற்பார்கள்.