'கமேலியோன்' சிறுவர் கதைகளைப் படமாக்குவதில் எது சிக்கல்?

கதையில் வரும் படகுதான் என்று பலர் நினைப்பார்கள். என் கணிப்பில் திரைக்கதைதான். ஹோட்ஸே டி ரோஸ் 1949இல் தொடங்கிய டச்சுத் தொடர் இது. நெதர்லாந்தின் ஃபிரீஸ்லாந்து மாகாணத்துக் கிராமத்துக் கொல்லரின் இரட்டைப் பிள்ளைகள் ஹீல்கே, சீட்ஸே. மிச்சம் மீதியிருந்த பல நிற பெயின்டையெல்லாம் பூசியதால் அவர்கள் படகுக்குக் கமேலியோன், அதாவது பச்சோந்தி, என்று பெயர். புத்தகங்களில் சின்னச் சின்னக் குறும்புகளும் உதவிகளும் ஒன்றன்பின் ஒன்றாக வரும். படுக்கையில் தினம் ஓர் அத்தியாயம் படிக்க அது சுகம். ஒன்றரை மணி நேரப் படத்துக்கோ தொடக்கம் முதல் இறுதிவரை இழுத்துச் செல்லும் ஒரே சிக்கல் வேண்டும். அதைப் புதிதாகக் கோத்தால், "இது எங்க கமேலியோன் இல்லையே" என்பார்கள், அதைப் படித்தே வளர்ந்த பெற்றோர்.

ஸ்டெவன் டி யோங் இயக்கிய முதல் படம் 2003இல் வந்தது. ஃபிரீஸ்லாந்தில் ஏரி சூழ்ந்த டெர்ஹெர்னே என்ற ஊரில் படம் பிடித்தார்கள். அந்த ஊர் கமேலியோன் கிராமம் என்றே சுற்றுலாப் பயணிகளை அழைத்தது!