கியோட்டோவிலிருந்து ஒரு பை நிறையக் காகிதம்

கேள்வி: அச்சுப் பட்டறை ஒன்றுக்காக 5 வாரம் கியோட்டோவில் தங்கி வேலை செய்துவிட்டு வந்திருக்கிறேன். ரயில் டிக்கெட், கடை ரசீது, இனிப்பு சுற்றிவந்த தாள், வாஷி என்ற ஜப்பானியக் கைக்காகிதத் துண்டுகள், நான் போட்ட ஸ்கெட்ச்கள் என்று ஒரு பை நிறையக் காகிதம் இருக்கிறது. இவற்றை ஒட்டிப் படமாக்கி கொலாஜ் செய்ய மூன்று முறை முயன்றேன். மூன்றுமே சுற்றுலா ஆல்பம் மாதிரி இருக்கின்றன. அட்டையும் வளைந்துவிட்டது. போதாக்குறைக்கு, கசங்கிய ரசீது ஒன்றை இஸ்திரி போட்டேன், முழுக்கக் கறுத்துவிட்டது. எங்கே தவறுகிறேன்?

பதில்: முதலில் அந்த ரசீது. அது வெப்பத்தால் அச்சாகும் தாள். அதில் மை கிடையாது. மேற்பூச்சிலேயே சாயமும் அதைக் கறுக்கவைக்கும் ரசாயனமும் இருக்கின்றன. சூடு பட்ட இடம் கறுக்கும். கடைக்காரரின் இயந்திரம் எழுத்து விழவேண்டிய இடத்தில் மட்டும் சூடு வைத்தது, உங்கள் இஸ்திரிப் பெட்டி தாள் முழுவதற்கும் வைத்துவிட்டது. ஸ்பிரிட் கலந்த வார்னிஷ் பட்டாலும் இதே கதிதான். வெயிலும் எண்ணெய்ப் பசையும் நேர்மாறாக எழுத்தை மங்கவைக்கும். ஜப்பானிய ரயில் டிக்கெட்டுகளிலும் பெரும்பாலும் இதே அச்சுதான். நான் ஆசையாக ஒட்டிச் சட்டமிட்ட ஒரு டிக்கெட் சில வருடங்களில் வெறும் வெள்ளைத் துண்டாகிவிட்டது. அதனால் இவற்றை இன்றே ஸ்கேன் செய்து, அமிலமில்லாத மெல்லிய தாளில் லேசர் பிரிண்ட் எடுத்து, அந்தப் பிரதியை ஒட்டுங்கள். இங்க்ஜெட் வேண்டாம், ஈரப்பசை பட்டால் பெரும்பாலும் கசியும்.

இனி ஆல்பம் பிரச்சினை. எனக்குத் தோன்றும் காரணம் ஒன்றுதான்: ஒவ்வொரு தாளையும் அது எந்த நாளின் நினைவு என்று பார்த்து ஒட்டியிருக்கிறீர்கள். அந்த நினைவு உங்களிடம் இருக்கிறது, பார்ப்பவரிடம் இல்லை. அவர் கண்ணுக்குத் தெரிவது நிறம், கனம், சொரசொரப்பு, எழுத்தின் அடர்த்தி, கிழிந்த ஓரம் இவைதான். பையைத் தரையில் கொட்டி, தேதியை மறந்துவிட்டு, நிறவாரியாகப் பிரியுங்கள். டிக்கெட்டுகளைத் திருப்பிப் போடுங்கள். பின்பக்கம் காந்தப் பூச்சு, கரும்பழுப்பு. ஊர்ப்பெயர் இல்லாத அந்தப் பக்கம்தான் பல நேரம் படத்துக்கு உதவும். அப்புறம், ஒரு நிறக் குடும்பத்தையும் அதற்கு எதிரான ஒரே ஒரு நிறத்தையும் மட்டும் வைத்துக்கொண்டு மீதியைப் பைக்குள் போட்டுவிடுங்கள். ஸ்கெட்ச்களின் மீது கத்தரி வைக்க மனம் வராது, தெரியும். பிரதி எடுத்துவிட்டு வெட்டுங்கள். முழுசாக ஒட்டிய ஸ்கெட்ச் படத்துக்குள் இன்னொரு படமாகத் தனித்து நிற்கும்.

அமெரிக்க ஓவியர் ராபர்ட் ரௌஷன்பர்க்கைப் பாருங்கள். 1952-ல் மொராக்கோவில் இருந்தபோது, சலவைச் சட்டைக்குள் வைத்துத் தரும் அட்டையில், கையில் கிடைத்த அச்சுத்தாள்களையும் இறகுகளையும் ஒட்டிச் சின்னச் சின்னக் கொலாஜ்கள் செய்தார். 1975-ல் அகமதாபாத்துக்கு வந்தவர் காந்தி ஆசிரமத்தின் காகித ஆலையிலேயே வேலை செய்தார். கைக்காகிதம், மூங்கில், துணி, கயிறு, அதோடு காகிதக்கூழில் வெந்தயத்தூளும் புளியங்கொட்டைத்தூளும் சேர்த்த ஒரு சேறு. அந்தப் படைப்புகளில் இந்தியாவின் காட்சி எதுவும் இல்லை. ஆனால் அந்த ஆலையின் ஈரமும் கரடும் இருக்கிறது. அதனால்தான் அந்த வேலைகள் எனக்கு அவ்வளவு பிடிக்கும். நீங்களும் கியோட்டோவில் சும்மா சுற்றிப் பார்க்கவில்லை, பட்டறையில் 5 வாரம் கை கறுக்க உழைத்திருக்கிறீர்கள். மை துடைத்த தாள், சரியாக விழாத அச்சு, அளவு பார்க்க வெட்டிய துண்டு எல்லாம் பையில் இருக்கிறதா? டிக்கெட்டைவிட அவைதான் உங்களுடையவை. அங்கிருந்து தொடங்குங்கள்.

வாஷியைக் கத்தரியால் வெட்டாதீர்கள். நல்ல வாஷி பெரும்பாலும் கோஸோ என்ற செடியின் பட்டை நாரில் செய்வது, நார் நீளமானது. மெல்லிய தூரிகையைத் தண்ணீரில் தோய்த்து, வேண்டிய இடத்தில் ஒரு கோடு இழுங்கள். சில விநாடி பொறுத்து, இரு பக்கமும் பிடித்து மெதுவாகப் பிரித்தால் பூனை முடி போல நார் நீட்டிக்கொண்டு வரும். அந்த ஓரத்தைப் பசை தடவிய தாளில் வைத்தால் எங்கே முடிகிறது என்றே தெரியாமல் கரைந்துவிடும். வழவழப்பான பத்திரிகைத் தாள் வேறு ரகம். கிழிக்கும்போது ஒரு துண்டில் வெள்ளை ஓரம் விழும், மறு துண்டில் விழாது; எந்தத் துண்டில் என்பது இழுக்கும் திசையைப் பொறுத்தது, வேண்டாத தாளில் கிழித்துப் பாருங்கள். எந்தப் பக்கம் வெள்ளைக் கோடு வேண்டும் என்று முடிவு செய்துவிட்டுக் கிழியுங்கள்.

பசை விஷயத்தில், வாஷிக்கும் மெல்லிய தாளுக்கும் கோதுமை ஸ்டார்ச் பசைதான் என் தேர்வு. ஒரு பங்கு ஸ்டார்ச் மாவுக்கு 5 பங்கு தண்ணீர், கண்ணாடி போல வரும்வரை கிளறி, ஆறவைத்து, வடிகட்டிக்கொள்ளுங்கள். பின்னால் ஈரம் காட்டி எடுத்துவிடவும் முடியும். அன்றன்றைக்குக் காய்ச்சுங்கள். பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் போடும் பழக்கம் நம் பக்கம் உண்டு. அதிலுள்ள தாமிரம் நாளடைவில் காகிதத்தையே அரிக்கும், வேண்டாம். கனமான அட்டை, துணிக்கு அக்ரிலிக் மேட் மீடியம் என்ற பளபளக்காத பசை போதும்.

அட்டை வளைந்ததற்குக் காரணம், ஈரத்தில் விரிந்த தாள் காயும்போது சுருங்கி அட்டையை இழுப்பது. அட்டையின் பின்பக்கமும் அதே கனமுள்ள தாள் ஒன்றை அதே பசையில் ஒட்டிவிடுங்கள். பட்டர் பேப்பருக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகங்களை அடுக்கி, ஒரு ராத்திரி விடுங்கள்.

அந்த மூன்று பழைய முயற்சிகளைத் தூக்கிப்போட வேண்டாம். ஒன்றை எடுத்து, தலைகீழாகத் திருப்பி, மெல்லிய வாஷி ஒன்றை மேலே முழுக்க ஒட்டிப் பாருங்கள். அடியில் இருக்கும் டிக்கெட்டும் எழுத்தும் மங்கலாக மட்டும் தெரியும். நான்காவது படத்துக்கு அதுவே நல்ல தளம்.