காரைத் தாழ்த்தும் ஸ்பிரிங்: கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: கம்பெனி ஸ்பிரிங்கிலேயே ஒரு சுற்றை அறுத்தால் வண்டி இறங்கிவிடுமே, புதுசு எதற்கு?

இறங்கும், ஆனால் தயவுசெய்து அறுக்காதீர்கள். பல ஸ்பிரிங்குகளில் கடைசிச் சுற்றைத் தட்டில் பொருந்தி உட்காரும்படி வளைத்திருப்பார்கள், அறுத்த முனை அப்படி உட்காராது, சக்கரம் பள்ளத்தில் தொங்கும்போது தளர்ந்து இடம் மாறும். நான் பிரித்த ஒரு வண்டியில் அந்த முனை தட்டின் ரப்பரைக் கிழித்துவிட்டு, கீழே இரும்பில் பளபளவென்று ஒரு கோடே இழுத்திருந்தது. சூடுகாட்டி அமுக்குவது இன்னும் மோசம், எஃகின் பதமே போய்விடும்.

கேள்வி: 30 மி.மீ. தாழ்த்தலாமா, 50 போகலாமா?

சாலையில் ஓட்டும் வண்டிக்கு நான் 30-ஐத் தாண்டச் சொல்ல மாட்டேன். ஷாக்கின் (ஸ்பிரிங்கின் துள்ளலை அடக்கும் ஷாக் அப்சார்பரின்) தண்டில் ஒரு ஜிப் டையை (பிளாஸ்டிக் கட்டுப்பட்டையை) மாட்டி, கீழே தள்ளிவிட்டு, வழக்கமாகப் போகும் சாலையில் ஓட்டிவிட்டு வந்து பாருங்கள், தண்டு எவ்வளவு உள்ளே போகிறது என்று அது நிற்கும் இடமே காட்டிவிடும். பம்ப் ஸ்டாப்புக்கு, அதாவது ஷாக் முழுக்க அமுங்காமல் தடுக்கும் ரப்பருக்கு, முன் 70 மி.மீ. இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம், 50 இறக்கினால் மிச்சம் 20தான். அப்புறம் ஒவ்வொரு மேட்டிலும் வண்டி ரப்பரின் மேல்தான் போய் மோதும். தாழ்த்தும் ஸ்பிரிங்கைக் கூடுதல் விறைப்பாகச் செய்வதே இந்தக் குறைந்த இடத்துக்குள் எடையைத் தாங்கத்தான்.

கேள்வி: ஷாக் 80,000 கி.மீ. ஓடியது. அதையே வைத்துக்கொள்ளலாமா?

வேண்டாம். விறைப்பான ஸ்பிரிங் அமுங்கியதும் வேகமாகத் திரும்பி எழும், அதைப் பிடித்து நிறுத்துவது ஷாக்கின் வேலை. தளர்ந்த ஷாக்கால் அது முடியாது, வண்டி துள்ளும். எப்படியும் எல்லாவற்றையும் கழற்றத்தான் போகிறீர்கள், இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள், ஷாக்கின் மேல்முனையை வண்டியின் உடலோடு பிணைக்கும் டாப் மவுண்ட்டையும் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: ஸ்பிரிங் மாற்றிய சில மாதத்திலேயே கன்ட்ரோல் ஆர்ம் புஷ் கிழிந்துவிட்டது. மட்டமான புஷ்ஷா?

அநேகமாக இறுக்கிய விதம்தான் காரணம். கன்ட்ரோல் ஆர்ம் என்பது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கை, அது அசையும் மூட்டில் இருக்கும் ரப்பர் உருளைதான் புஷ். வண்டியை லிஃப்டில் தூக்கி, சக்கரம் தொங்கும்போதே போல்ட்டை முழுக்க இறுக்கிவிடுகிறார்கள். புஷ்ஷின் ரப்பர் நடுக்குழாயோடு ஒட்டியது, இறுக்கிய கோணம்தான் அதற்கு ஓய்வு நிலை. வண்டி தரையில் இறங்கியதும் ரப்பர் முறுக்கிக்கொண்டு, நிறுத்தி வைத்திருக்கும்போதும் அப்படியே இருக்கும். போல்ட்டை முதலில் கையளவு மாட்டி, சக்கரத்தில் எடையை ஏற்றிய பிறகுதான் கடைசி இறுக்கு. தாழ்த்தாத வண்டிக்கும் இதேதான்.

கேள்வி: டயர் உள்பக்கம் மட்டும் தேய்கிறதே?

வண்டி இறங்கினால் சக்கரத்தின் மேல்பகுதி பெரும்பாலும் உள்ளே சாயும், அது கேம்பர். ஆனால் டயரைச் சீக்கிரம் தின்பது டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருப்பது. ஸ்பிரிங் மாட்டி, சில நாள் ஓட்டி, உயரம் நிலைத்ததும் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது) கட்டாயம்.

கேள்வி: நானே வீட்டில் மாற்றலாமா?

ஷாக் தண்டின் மேல்முனையில் இருக்கும் நடு நட்டை, ஸ்பிரிங்கைக் கம்ப்ரெசரால் (ஸ்பிரிங்கை அமுக்கிப் பிடிக்கும் கருவியால்) அமுக்காமல் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் ஆளையே கொன்றுவிடும். நல்ல கம்ப்ரெசர் கையில் இல்லையென்றால் அந்த ஒரு வேலையையாவது ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: ஹெட்லைட்டைத் திருத்த வேண்டுமா?

ஆமாம். முன்னும் பின்னும் ஒரே அளவு இறங்குவது அபூர்வம், பின்பக்கம் அதிகம் இறங்கியிருந்தால் எதிரே வருபவரின் கண்ணில்தான் வெளிச்சம் அடிக்கும்.