எங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார்? – வாசகர் கேள்வி பதில்

எங்கள் தொகுதி எம்.பி. எதிர்க்கட்சிக்காரர். ஒவ்வொரு மசோதாவையும் அவர் ஆதரித்தாரா, எதிர்த்தாரா என்ற பட்டியல் எங்கே கிடைக்கும்?
– தென்காசி வாசகர்

ஒவ்வொரு மசோதாவுக்கும் கிடைக்காது. அப்படி ஒரு பட்டியல் நாடாளுமன்றத்திடமே இல்லை. பெரும்பாலான மசோதாக்கள் குரல் வாக்கெடுப்பில்தான் நிறைவேறுகின்றன. 'ஏற்போர் ஆம் என்க, மறுப்போர் இல்லை என்க' என்று சபாநாயகர் கேட்பார். இரு பக்கமும் குரல் எழும். 'ஏற்போரே அதிகம்' என்று அறிவிப்பார். அவைக்குறிப்பில் தீர்மானம் ஏற்கப்பட்டது என்ற ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். யார் வாயைத் திறந்தார், யார் தூங்கினார் என்பதற்குச் சாட்சி இல்லை.

பெயர் பதிவாக வேண்டுமென்றால், சபாநாயகரின் அறிவிப்பை யாராவது ஓர் உறுப்பினர் அங்கேயே மறுத்து டிவிஷன், அதாவது பெயர்வாரி வாக்குப் பதிவு, கேட்க வேண்டும். மக்களவை விதி 367-இன்படி லாபியை (அவையை ஒட்டிய கூடத்தை) காலி செய்யச் சொல்வார்கள், மணி ஒலிக்கும், மூன்றரை நிமிடம் கழித்து அதே கேள்வி மறுபடி அவை முன் வைக்கப்படும். அப்போதும் மறுப்பு எழுந்தால் வாக்குப் பதிவு. பச்சைப் பொத்தான் ஆதரவு, சிவப்பு எதிர்ப்பு, மஞ்சள் எந்தப் பக்கமும் இல்லை. இதிலும் ஓர் இடைவழி உண்டு: டிவிஷன் தேவையில்லாமல் கேட்கப்படுகிறது என்று சபாநாயகர் கருதினால், உறுப்பினர்களை எழுந்து நிற்கச் சொல்லி எண்ணிவிடலாம். எண்ணிக்கை வரும், பெயர் வராது. அரசியலமைப்புத் திருத்த மசோதாக்களில் மட்டும் இந்தச் சிக்கல் இல்லை. சிறப்புப் பெரும்பான்மையை எண்ணிக் காட்டியாக வேண்டும் என்பதால் அங்கே டிவிஷன் நிச்சயம்.

தேடும் முறை இது: நாடாளுமன்ற இணையதளமான சன்சாத்.இன் (sansad.in) போய் மக்களவை, விவாதங்கள் என்று தேர்ந்து, உரிய தேதியின் முழு அவைக்குறிப்பை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் 'டிவிஷன்' என்ற சொல்லை ஆங்கிலத்தில் தட்டித் தேடினால் ஆதரவு, எதிர்ப்பு, விலகல் என்று மூன்று பட்டியல்கள் வரும். வழக்கமாகத் தடுக்கும் இடங்கள் மூன்று.

முதலாவது தேதி. வக்ஃப் திருத்த மசோதா மக்களவையில் 288–232 என்று நிறைவேறியது 2025 ஏப்ரல் 3 அதிகாலையில். ஆனால் அமர்வு தொடங்கியது ஏப்ரல் 2. ஆகவே ஏப்ரல் 2-ஆம் தேதிக் குறிப்பில்தான் தேட வேண்டும்.

இரண்டாவது பெயர். பட்டியலில் பெயர் முன்னும் இனிஷியல் பின்னும் வரும். 'ஏ. ராஜா' என்று தட்டினால் சிக்காது; பெயரை மட்டும் தட்டுங்கள்.

மூன்றாவதுதான் பலரை ஏமாற்றுவது. பலகையில் முதலில் வரும் எண்ணிக்கை 'திருத்தத்துக்கு உட்பட்டது'. பொத்தான் வேலை செய்யாதவர்களும், தவறாக அழுத்தியவர்களும் சீட்டு வாங்கி எழுதித் தருவார்கள். 'ஒரே நாடு ஒரே தேர்தல்' மசோதாவை அறிமுகப்படுத்த 2024 டிசம்பர் 17 அன்று நடந்த வாக்கெடுப்பில் இயந்திரம் முதலில் காட்டியது 220–149. சீட்டுகளைச் சேர்த்த பிறகு 269–198. கிட்டத்தட்ட நூறு பேர் முதல் கணக்கில் இல்லை! அன்றைய திரைப்பிடிப்பை வைத்துக்கொண்டு 'எங்கள் எம்.பி. ஓட்டே போடவில்லை' என்று சண்டைக்குப் போகாதீர்கள். பட்டியலின் அடிக்குறிப்பையும் பார்த்துவிட்டுப் போங்கள்.

எதிர்த்து வாக்களிப்பதும் வெளிநடப்பு செய்வதும் ஒன்றுதானே? எப்படியும் ஆதரிக்கவில்லையே?
– கும்பகோணம் வாசகர்

ஒன்றல்ல. கணக்குப் போட்டுப் பார்த்தால் தெரியும். அரசியலமைப்புத் திருத்தத்துக்கு இரண்டு நிபந்தனைகள்: அவையின் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கு மேல், அதாவது 543-இல் 272, கூடவே, வந்திருந்து வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. ஆதரவு 300, எதிர்ப்பு 160 என்று வையுங்கள். மொத்தம் 460, தேவை 307, மசோதா தோற்றுவிடும். அந்த 160 பேரில் 20 பேர் கோஷம் போட்டுக்கொண்டே வெளியே போய்விட்டால் மொத்தம் 440, தேவை 294. அதே 300 ஓட்டில் மசோதா நிறைவேறிவிடும். உள்ளே உட்கார்ந்து மஞ்சள் பொத்தானை அழுத்தினாலும் இதே விளைவுதான்.

2019 ஜனவரியில் வந்த, பொருளாதாரத்தில் நலிந்தோருக்கான 10 சதவீத இடஒதுக்கீட்டு மசோதா நல்ல உதாரணம். அப்போது மக்களவையில் தி.மு.க.வுக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. அ.தி.மு.க. மசோதாவைக் கடுமையாகச் சாடிப் பேசிவிட்டு வெளிநடப்பு செய்தது, முடிவு 323–3. மாநிலங்களவையில் மசோதாவைத் தேர்வுக் குழுவுக்கு அனுப்பக் கோரி கனிமொழி கொண்டுவந்த தீர்மானத்துக்கு 18 ஓட்டு கிடைத்தது, எதிராக 155. பின்னர் மசோதா 165–7 என்று நிறைவேறியது. அந்த 7-இல் தி.மு.க.வின் எதிர்ப்பு ஓட்டுகள் பெயரோடு இருக்கின்றன. அந்த 18-க்கும் 7-க்கும் இடையிலுள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். 'குழுவுக்கு அனுப்பு' என்று சொல்லத் தயாராக இருந்த பலர், மசோதாவையே எதிர்க்கத் தயாராக இல்லை. ஒரு கட்சியின் உண்மையான நிலையை மேடைப் பேச்சைவிட இந்த இரண்டு பட்டியல்கள் தெளிவாகச் சொல்லும்.

வெளிநடப்புக்கு அவைக்குறிப்பில் தனி வாசகம் உண்டு: 'இந்தக் கட்டத்தில் இன்னாரும் வேறு சில மாண்புமிகு உறுப்பினர்களும் அவையை விட்டு வெளியேறினர்.' 'வேறு சில' என்பதற்குள் உங்கள் எம்.பி. இருந்தாரா, அன்று டெல்லியிலேயே இல்லையா என்று யாராலும் நிரூபிக்க முடியாது.

இன்னொன்று. 2023-இல் எதிர்க்கட்சிகளே கொண்டுவந்த நம்பிக்கையில்லாத் தீர்மானம் ஆகஸ்ட் 10 அன்று குரல் வாக்கெடுப்பில் தோற்றது. பிரதமரின் பதிலுரையின்போதே எதிர்க்கட்சிகள் வெளியேறிவிட்டன. டிவிஷன் கேட்க ஆள் இல்லை. மூன்று நாள் விவாதம் நடந்தும், யார் பெயரும் வாக்குப் பட்டியலில் இல்லை.

2020 வேளாண் மசோதாக்களுக்கு டிவிஷன் கேட்டும் கொடுக்கவில்லையாமே? கேட்டால் கொடுத்தே ஆக வேண்டும் என்பது விதியில்லையா?
– திருவாரூர் வாசகர்

விதி அப்படித்தான். மாநிலங்களவையில் 2020 செப்டம்பர் 20 அன்று துணைத் தலைவர் ஹரிவன்ஷ் குரல் வாக்கெடுப்பில் மசோதாக்களை நிறைவேற்றினார். உறுப்பினர்கள் தத்தம் இருக்கையில் இருந்து கேட்டால்தான் டிவிஷன் தர முடியும் என்பது அவர் தரப்பு வாதம். இருக்கையிலிருந்துதான் கேட்டோம் என்றனர் எதிர்க்கட்சியினர். மறுநாள் எட்டு உறுப்பினர்கள் சஸ்பெண்ட் செய்யப்பட்டனர். நாடே பேசிய அந்தச் சட்டங்களுக்கு மாநிலங்களவையில் யார் எப்படி வாக்களித்தார் என்ற பதிவு இன்றுவரை கிடையாது. அவையின் மையப்பகுதிக்குப் போய் முழங்குவது தொலைக்காட்சியில் எடுபடும். ஆனால் டிவிஷன் வேண்டுமென்றால் இருக்கையில் இருக்க வேண்டும். எதிர்க்கட்சிகள் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எங்கள் எம்.பி. மனசாட்சிப்படி கட்சிக்கு எதிராக ஓட்டுப் போட முடியுமா?
– நாமக்கல் வாசகர்

கொறடா உத்தரவு வந்துவிட்டால் முடியாது. போட்டால் பதவி போகும் அபாயம் உண்டு. 1985-இல் அரசியலமைப்பில் சேர்க்கப்பட்ட பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடை) உத்தரவை மீறி வாக்களிப்பது மட்டுமல்ல, வாக்களிக்காமல் ஒதுங்குவதும் குற்றம்தான். கட்சி 15 நாளுக்குள் மன்னித்துவிட்டால் தப்பலாம். இல்லையென்றால் முடிவு சபாநாயகர் கையில்.

உங்கள் ஊரில் கூடுதலாக ஒரு விஷயம் இருக்கிறது. கொங்குநாடு மக்கள் தேசியக் கட்சியைச் சேர்ந்த வேட்பாளர் 2024-இல் அங்கே வென்றது உதயசூரியன் சின்னத்தில். கூட்டணிக் கட்சிக்காரராக இருந்தாலும், எந்தக் கட்சியின் வேட்பாளராக வென்றாரோ அந்தக் கட்சியின் கொறடாவுக்குத்தான் அவர் கட்டுப்பட்டவர். வி.சி.க.வின் ரவிக்குமார் 2019-இல் உதயசூரியனிலும் 2024-இல் பானையிலும் விழுப்புரத்தில் வென்றார். ஒரே ஆள், ஒரே தொகுதி. ஆனால் இரண்டு காலத்திலும் யார் கொறடா என்பது வேறு. ஆகவே ஓட்டுப் பட்டியலை வைத்து எம்.பி.யின் தனிக் குணத்தை அளக்க நினைப்பது வீண். அது கட்சியின் முடிவைத்தான் காட்டும்.

வருகைப் பதிவு 95 சதவீதம், 400 கேள்விகள் கேட்டார் என்று சுவரொட்டி ஒட்டுகிறார்கள். நம்பலாமா?
– மதுரை வாசகர்

எண்கள் சரியாகவே இருக்கலாம். ஆனால் அவை எதைச் சொல்கின்றன என்பது வேறு.

வருகை என்பது அன்று வந்தார் என்ற பதிவு மட்டுமே. தினப்படி அதைப் பொறுத்தது என்பதால் பதிவை யாரும் மறப்பதில்லை. பதிவு செய்த பின் பத்து நிமிடம் இருந்தாரா, நள்ளிரவு வாக்கெடுப்புவரை இருந்தாரா என்பது அதில் தெரியாது. அமைச்சர்களும் எதிர்க்கட்சித் தலைவரும் வருகையைப் பதிய வேண்டியதில்லை. அவர்களுக்கு சதவீதமே கிடையாது. ஆளுங்கட்சி அமைச்சரின் தொகுதியோடு உங்கள் தொகுதியை ஒப்பிட்டுப் பெருமைப்படவோ வருத்தப்படவோ வேண்டாம்.

கேள்விகளுக்கு வருவோம். மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகள், 230 சாதாரணக் கேள்விகள். எது இடம்பெறும் என்பதைக் குலுக்கல் முடிவு செய்யும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும், கேட்டவர் இரண்டு துணைக் கேள்வி போடலாம். ஆனால் கேள்வி நேரம் காலை 11 முதல் 12 வரை ஒரு மணி நேரம்தான். 20-இல் முதல் சிலவே வாய்மொழிக்கு வரும். மற்றவை எழுத்துப் பதில். 400 கேள்வி என்பதில் மிகப் பெரும்பாலானவை எழுத்துப் பதில் வகைதான். ஒரே கேள்வியில் பல எம்.பி.க்களின் பெயர் சேர்ந்து வரும். அது ஒவ்வொருவர் கணக்கிலும் ஒன்றாக ஏறும்.

தரத்தை அறிய, அவர் பெயரில் உள்ள பத்துக் கேள்விகளைத் திறந்து படியுங்கள். 'தமிழ்நாட்டில் ரயில்வே வளர்ச்சிக்கு எடுக்கப்பட்ட நடவடிக்கைகள் என்ன?' என்று கேட்டால் துறை நான்கு பக்கம் திட்டப் பெயர்களை அடுக்கிவிட்டுப் போகும். 'இன்ன பாதைக்கு மூன்று ஆண்டுகளில் ஆண்டுவாரியாக ஒதுக்கியது எவ்வளவு, செலவழித்தது எவ்வளவு, கையகப்படுத்த வேண்டிய நிலம் எவ்வளவு மிச்சம்?' என்று கேட்டால் எண் தந்தாக வேண்டும், அல்லது 'தகவல் சேகரிக்கப்படுகிறது, அவையில் வைக்கப்படும்' என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் அது அரசின் உறுதிமொழி. மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், அதைக் கண்காணிக்கத் தனிக் குழுவே இருக்கிறது. கெட்டிக்கார எதிர்க்கட்சி எம்.பி. அந்த வாக்கியத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அடுத்த கூட்டத்தொடரில் மறுபடி பிடிப்பார்.

விதி 377-இன்கீழ் எழுப்பும் பிரச்சினைகள் 250 சொல்லுக்குள் எழுதிக் கொடுத்து வாசிப்பவை. தொகுதிக்கு உதவும், விவாதம் ஆகாது. இதையும் 'நாடாளுமன்றத்தில் முழக்கம்' என்று போஸ்டர் அடிப்பார்கள்.

எதிர்க்கட்சி எதைக் கொண்டுவந்தாலும் தோற்கத்தானே போகிறது? பின் அவர் செயல்பாட்டை எதை வைத்து மதிப்பிடுவது?
– ஈரோடு வாசகர்

தோற்கும் என்று தெரிந்தும் எழுத்தில் என்ன கொடுத்தார் என்பதை வைத்து. மசோதாவின் எந்த உட்பிரிவில் எந்தச் சொல்லை மாற்றச் சொல்லித் திருத்தம் கொடுத்தார்? நோட்டீஸ் கொடுத்தவர் பலர் பெயர் அழைக்கும்போது அவையில் இருப்பதில்லை. திருத்தம் முன்மொழியப்படாமலே போகும். கொல்லத்தின் என்.கே. பிரேமச்சந்திரன் போன்ற ஒரே உறுப்பினர் கட்சிக்காரர்கள் இந்த வேலையை விடாமல் செய்வதை அவைக்குறிப்புகளில் காணலாம். கட்சி பலத்தைப் பொறுத்தே பேச நேரம் என்பதால் சிறு கட்சிக்குச் சில நிமிடம்தான். ஆனால் திருத்தம் கொடுக்க அந்தக் கட்டுப்பாடு இல்லை. பேசிய நிமிடங்களைவிட இதைத் தேடுங்கள்.

தனிநபர் மசோதாவை, அதாவது அமைச்சர் அல்லாத உறுப்பினர் கொண்டுவரும் மசோதாவை, பற்றியும் சொல்ல வேண்டும். இதுவரை சட்டமானவை 14, கடைசியாக 1970-இல். அப்படியிருந்தும் திருச்சி சிவா கொண்டுவந்த திருநர் உரிமை மசோதா 2015 ஏப்ரல் 24 அன்று மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவை அதைச் சட்டமாக்கவில்லை. அரசு தன் சொந்த மசோதாவைக் கொண்டுவந்து 2019-இல் சட்டமாக்கியது. சிவாவின் மசோதாவில் இருந்த இடஒதுக்கீடு அதில் இல்லை. முழு வெற்றி என்று சொல்ல மாட்டோம், ஆனால் அரசை நகர்த்தியது.

கடைசியாகக் குழுக்கள். துறைசார் நிலைக்குழு ஒவ்வொன்றிலும் 31 பேர்; கூட்டங்கள் மூடிய அறையில் நடப்பதால் செய்தியில் வராது. ஆனால் அறிக்கையின் கடைசியில் கூட்டக் குறிப்புகள் இணைப்பாக இருக்கும், அதில் வந்தவர்கள் பெயர் இருக்கும். எம்.பி.யின் வருகையை அளக்க வேண்டுமானால் இதையும் சேர்த்து அளப்பதே நியாயம். அறிக்கையை ஏற்காதவர் எதிர்ப்புக் குறிப்பு எழுதி இணைக்கலாம். வக்ஃப் மசோதாவுக்கான கூட்டுக்குழு அறிக்கையில் எதிர்க்கட்சியினர் அப்படி எழுதியவை பின்னர் மக்களவை விவாதத்திலும் எதிரொலித்தன.

சஸ்பெண்ட் ஆன நாட்களில் அவர் கேள்விகள் என்ன ஆகும்?
– சேலம் வாசகர்

கேள்விப் பட்டியலிலிருந்து அவர் பெயர் நீக்கப்படும். அவைக்குள்ளும் குழுக் கூட்டங்களிலும் கலந்துகொள்ள முடியாது, நோட்டீஸ் கொடுக்க முடியாது, தினப்படியும் இல்லை. 2023 டிசம்பரில் இரு அவைகளிலும் சேர்த்து 146 பேர் இப்படி வெளியே இருந்தபோதுதான் மூன்று குற்றவியல் சட்டங்கள் நிறைவேறின. அந்த மாதத்து விவாதப் பதிவில் உங்கள் எம்.பி.யின் பெயர் இல்லையென்றால் முதலில் சஸ்பெண்ட் ஆனவர்கள் பட்டியலைச் சரிபாருங்கள். உங்கள் தொகுதியின் அப்போதைய எம்.பி. எஸ்.ஆர். பார்த்திபன் அன்று அவையிலேயே இல்லாதபோது சஸ்பெண்ட் பட்டியலில் சேர்க்கப்பட்டு, பிறகு பெயர் நீக்கப்பட்டது தனிக் கூத்து.

5 கோடி ரூபாய் தொகுதி நிதி எதிர்க்கட்சி எம்.பி.க்குக் குறைவா?
– காரைக்குடி வாசகர்

இல்லை. எல்லோருக்கும் ஆண்டுக்கு 5 கோடிதான். எம்.பி. பணிகளைப் பரிந்துரைப்பார், செயல்படுத்துவது மாவட்ட நிர்வாகம். நிதி தேங்கிக் கிடந்தால் பரிந்துரைத்த தேதியையும் நிர்வாக அனுமதி தந்த தேதியையும் கேட்டு வாங்குங்கள், தாமதம் எம்.பி. அலுவலகத்திலா, ஆட்சியர் அலுவலகத்திலா என்பது அந்த இரண்டு தேதியில் தெரிந்துவிடும்.