மூக்குத்தி அளவு: 18 கேஜா, 20 கேஜா?

கேள்வி: மூக்கு குத்தி ஆறு மாதம் ஆகிறது. ஆன்லைனில் 18 கேஜ், 20 கேஜ், 6 மி.மீ., 8 மி.மீ. என்று போட்டிருக்கிறார்கள். எனக்கு எது பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: இதே குழப்பத்தில் எங்கள் வீட்டில் 600 ரூபாய் போயிருக்கிறது, அதனால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

நாங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். பாலக்காடு ஜில்லா என்றாலும் வீட்டில் தமிழ்தான். நகை எடுக்கப் பொள்ளாச்சிக்குத்தான் போவோம். எனக்கு மூக்கு குத்தியவர் ஊர் ஆசாரி. மூக்கு மடலை விரலால் அமுக்கிப் பார்ப்பார், அதற்கேற்பக் கம்பியை நறுக்கித் திருகாணி வைப்பார். நமக்கு அளவே தெரிய வேண்டியதில்லை. என் மகளோ ஃபோனில் கல்லின் படத்தை மட்டும் பார்த்து ஆர்டர் போட்டுவிட்டாள். ரெண்டு மூக்குத்தி உள்ள பாக்கெட், 18 கேஜ். கேஜ் என்பது கம்பியின் தடிமனைச் சொல்லும் எண். கண்ணாடி முன்னால் அரை மணி நேரம் தள்ளியும் ஏறவில்லை. மூக்கு சிவந்ததுதான் மிச்சம்.

கொழுந்தனார் கஞ்சிக்கோட்டில் லேத் பட்டறையில் இருக்கிறார். "நம்பர் ஏற ஏறக் கம்பி மெலிசுங்க அண்ணி" என்றார். இவள் நேர்மாறாக நினைத்திருக்கிறாள். வெர்னியர் என்கிற அளவுக் கருவியை வைத்துப் பார்த்தால் பழைய மூக்குத்திக் கம்பி 0.8 மி.மீ., அதாவது 20 கேஜ். புதியது 1 மி.மீ. அவருக்கே ஒரு சந்தேகம்: பட்டறை அட்டவணையில் 18 என்றால் 1.22 மி.மீ. ஆயிற்றே? அது பிரிட்டிஷ் கம்பிக் கணக்கு. உடலில் குத்தும் நகைகளுக்கு அமெரிக்கக் கணக்கு. இந்தத் தொல்லையே வேண்டாம், கேஜ் எண்ணை விட்டுவிட்டு மி.மீ. என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். மூக்குக்குப் பெரும்பாலும் 0.8 அல்லது 1 மி.மீ. வரும். குத்தினவர் எதைப் போட்டாரோ அதே தடிமன்தான் உங்களுக்கு.

அடுத்தது நீளம். கல்லின் அடிப்பக்கத்திலிருந்து திருகாணி வந்து உட்காரும் இடம் வரை அளக்க வேண்டும். கல் கணக்கில் சேராது. கையைக் கழுவிவிட்டு இப்போது போட்டிருப்பதைக் கழற்றி அளந்து, உடனே திரும்பப் போட்டுவிடுங்கள். ஆறு மாத ஓட்டை சட்டென்று சுருங்கிவிடும், அளந்துகொண்டே டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பொதுவாக 6, 7 மி.மீ. போதும். ஒன்று கவனியுங்கள்: முதலில் குத்தும்போது வீக்கத்துக்கு இடம்விட்டு நீளமாகப் போட்டிருந்தால் இப்போது அது ஆடும், துண்டில் மாட்டும். அப்படியென்றால் 1 மி.மீ. குறைத்து வாங்கலாம். ரொம்பக் குட்டையாக மட்டும் வாங்கிவிடாதீர்கள். என் தங்கைக்கு மூக்கு குத்தும் துப்பாக்கிக் கருவி வைத்துக் குத்தின கடையில் குட்டைக் கம்பி போட்டுவிட்டார்கள். மூணாம் நாள் மூக்கு வீங்கிக் கல் தோலுக்குள் அமுங்கிப் போய், டாக்டர்தான் எடுத்தார். அப்படி ஆனால் நீங்களே இழுக்க வேண்டாம்.

வளையம் என்றால் உள்விட்டத்தைப் பார்க்க வேண்டும். மூக்குக்கு 8 மி.மீ. சாதாரணம், ஒட்டினாற்போல் வேண்டுமென்றால் 7. தொப்புளுக்கு வழக்கமாக 1.6 மி.மீ. கம்பி, 10 மி.மீ. நீளம். காது குருத்தெலும்புக்கு 1.2 மி.மீ. தருவார்கள். காதுமடலில் தடிமனைவிட கனம் முக்கியம்: மெல்லிய கம்பியில் கனமான ஜிமிக்கி தொங்கினால் ஓட்டை கீழ்நோக்கி அறுத்துக்கொண்டே போகும்.

அளவு சரியாக இருந்தும் அரித்தால் நிக்கலாக இருக்கலாம். 'சர்ஜிக்கல் ஸ்டீல்' என்று போட்டிருந்தாலும் அதில் நிக்கல் உண்டு. டைட்டானியம் வாங்குங்கள், இல்லாவிட்டால் தங்கம். 22 கேரட் மென்மையானது, மெல்லிய கம்பி வளையும். எனக்கு 18 கேரட் பிடிக்கும், மாமியார் ஒத்துக்கொள்ள மாட்டார்.

ஆனால் அந்தப் பாக்கெட்டில் பிரிக்காமல் இருந்த இன்னொரு 18 கேஜ் இப்போது அவர் மூக்கில்தான் இருக்கிறது. அறுபது வருட ஓட்டை, வழுக்கிக்கொண்டு போனது.